ஏழு தெரு, ஏழு ஆள்

வாடிப்பட்டி
20.1.1978

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு,

இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் பனியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. நீ அனுப்பிய போட்டோ வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு உன் அம்மா, பிள்ளைக்கு எதற்குக் கரடி வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். அமெரிக்காவில் நர்சுகளுக்கு அதுதான் மரியாதை என்று சொல்லி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாட்டுப் பொங்கல் கபடி முடிந்தது. சோழவந்தானிடம் இந்த வருஷமும் தோற்றோம். தோற்றது நம் ஆட்கள். திட்டு வாங்கியது அணிச் செயலாளராகிய நான். ஆனால் நான் என்ன செய்ய முடியும்? ஏழு தெருவுக்கு ஏழு ஆள் என்று உன் தாத்தா காலத்தில் வைத்த முறை. தெருவே கூடித் தன் ஆளை அனுப்பும். செயலாளருக்கு அதில் வாய் கிடையாது. வருகிற ஏழு பேருக்கும் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுப்பதுதான் என் அதிகாரம். சந்தைத் தெருவிலிருந்து இந்த வருஷமும் கருத்தக்கண்ணனைத்தான் அனுப்பினார்கள். அவன் தொப்பை கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவன் தாண்டுகிறான். எதிராளி ஒரு பீடியைப் பற்ற வைத்து, இழுத்து முடித்து, அதற்குப் பிறகு எழுந்து வந்து பிடிக்கலாம். அதற்கும் சந்தைத் தெரு மேளம் அடிக்கிறது.

கிழக்குத் தெருவுக்கு எப்போதும் போல உன் மாமன் பேயாண்டி. ஆட்டம் ஆட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் முப்பத்தைந்து வயதாகிறது. இடது காலை லேசாக இழுக்கிறான். அக்காள் புருஷன் நானே இதைச் சொன்னால் வீட்டில் உலை கொதிக்காது என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அங்கே பேஸ்பால் என்று ஒரு மட்டைப் பந்து ஆட்டம் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அவர்கள் ஆள் சேர்ப்பது எப்படி? அதையும் தெரு பார்த்துத்தான் செய்கிறார்களா? விவரமாக எழுது. லீவு எப்போது என்பதையும் அப்படியே எழுதிவிடு, உன் அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

உன் அப்பா,
வெள்ளைத்துரை
(பெயர்தான். வெயிலில் இன்னும் கறுத்துவிட்டேன்.)


14.5.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயக்கொடி எழுதுகிறேன். அது கரடித் தோல் இல்லை, கம்பளி என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இப்போது அதைக் கழற்றிவிட்டோம். பனி போய்ப் புல் வந்துவிட்டது. புல் வந்ததும் பேஸ்பாலும் வந்துவிட்டது.

என் வார்டில் டோரத்தி என்று ஒரு பெரிய நர்ஸ் இருக்கிறாள் என்று எழுதினேனே, அவள்தான் என்னை அழைத்துப் போகிறாள். ஒருவன் எறிகிறான், ஒருவன் மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடி வருகிறான், ஒன்பது பேர் நின்று பிடிக்கிறார்கள். பாதி நேரம் ஒன்றுமே நடக்காது. அப்போது எல்லோரும் வறுத்த கடலை தின்கிறார்கள். ஆமாம் அப்பா, இங்கேயும் கடலைதான். தோலைக் காலடியிலேயே போடுகிறார்கள். எனக்கு நம்ம கம்மாய்ப் பொட்டல் ஞாபகம் வந்துவிட்டது.

தெரு முறையெல்லாம் இங்கே இல்லை. அணிக்கு ஒரு முதலாளி இருக்கிறார். இப்போது புதிதாக ஒருவர் வந்து, பழைய ஆட்கள் பலரையும் வேறு ஊருக்கு விற்றுவிட்டு, எங்கெங்கோ இருந்து பெரிய அடிகாரர்களை வாங்கிப் போட்டிருக்கிறார். ஆளை விற்பது வாங்குவது என்றுதான் சொல்கிறார்கள், மாடு போல. மைதானத்தில் இடது கோடியில் நிற்கும் வயசாளி ஒருத்தரையும் விற்றுவிட்டார்கள். டோரத்தி அவரைத் தன் சொந்தத் தம்பி மாதிரிப் பேசுவாள். அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அணி இப்போது ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. நம்ம ஊரிலும் இப்படிச் செய்தால் சோழவந்தான்காரர்கள் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

லீவு இந்த வருஷம் கஷ்டம் அப்பா. வார்டுப் பொறுப்பை எனக்குக் கொடுக்கலாமா என்று பேசுகிறார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெயக்கொடி


வாடிப்பட்டி
25.8.1978

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு,

உன் கடிதத்தை நான் அணிக் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். நம் உரக்கடையில் யூரியா மூட்டைகள் மேல்தான் கமிட்டி கூடும் என்பது உனக்குத் தெரியும். அமெரிக்காவிலேயே இப்படித்தான் என்று நான் சொன்னதும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் உர நெடி.

ஆகவே உன் அப்பன் துணிந்துவிட்டான். தெரு அனுப்பியவர்களில் நாலு பேரை நிறுத்தினேன். கருத்தக்கண்ணன் முதல் ஆள். பேயாண்டி கடைசி ஆள். வெளியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கோரிப்பாளையத்தில் இருந்து இருவர், மதுரை டவுனில் ஒருத்தன், திருவாதவூரில் இருந்து மருது என்று ஒரு பையன். அந்த மருதுவைப் பற்றி எழுத இந்த நீலக் காகிதம் போதாது. பாடிப் போகும்போது பாம்பு. திரும்பும்போது மீன். நாலு பேர் காலைப் பிடித்தாலும் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிடுவான். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் தைத்தோம். எனக்கும் ஒன்று. உன் அம்மா பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை.

ஆடித் திருவிழாப் பந்தயத்தில் ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தோம். சோழவந்தானை நம் பொட்டலிலேயே மண்ணைக் கவ்வ வைத்தோம். கோப்பை கடையில் இருக்கிறது. வருகிறவர்கள் அதைத் தராசு என்று நினைத்துக் கை வைக்கிறார்கள்.

கூட்டம் மட்டும் கொஞ்சம் மட்டு. ஆடிக் காற்று காரணமாக இருக்கலாம். டூரிங் கொட்டகையில் புதுப் படமும் போட்டிருந்தான். தெருவுக்கு ஒரு பாய் விரித்து உட்கார்வார்களே, சந்தைத் தெருப் பாய் வரவில்லை. கிழக்குத் தெருப் பாயும் வரவில்லை. பள்ளிவாசல் தெருவில் ஏதோ நிக்காஹ் என்றார்கள். கம்மாய்த் தெருவில் என்ன என்று நான் கேட்கவில்லை. சுண்டல் விற்கும் முனியாயி பாதி ஆட்டத்தில் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "ஏத்தா, ஆட்டம் முடியலையே"ன்னேன். "எனக்கு முடிஞ்சிருச்சு"ன்னு போயிட்டா.

பேயாண்டியிடம் நானே போய்ச் சொன்னேன். "கால் கொஞ்சம் ஓயட்டும் மாப்ள" என்றேன். "சரி மச்சான்" என்றான். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து உன் அம்மா எனக்குச் சோறு வைக்கிறாள், குழம்பு வைக்கிறாள், பேச்சு மட்டும் வைப்பதில்லை. இருளாயி என்று பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, வீடு அப்படி இருக்கிறது.

உன் அப்பா,
வெள்ளைத்துரை

மடிப்பில் எழுதுகிறேன், இடம் இல்லை. சோழவந்தான் செயலாளர் சிவசங்கரன் வாத்தியார் தோற்றுவிட்டுப் போகும்போது சொன்னது: "அண்ணே, ஆளே இல்லாத பொட்டல்ல எதுக்கு ஆட்டம்? வார பொங்கலுக்கும் இப்படி இருந்தா, அடுத்த வருசத்துலருந்து மாட்டுப் பொங்கல் ஆட்டத்தை எங்க ஊர்ல வச்சுக்கிறோம்." தோற்றவன் பேச்சு என்று விட்டுவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. ஆட்டம் போனால் அந்தப் பொட்டலில் அப்புறம் மாடுதான் மேயும்.


8.10.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. நான் பாதிதான் எழுதியிருந்தேன் அப்பா. அப்போது எனக்கே பாதிதான் தெரியும்.

இங்கே பேஸ்பால் இந்த வருஷம் முடிந்துவிட்டது. எங்கள் ஊர் அணி நன்றாகவே ஜெயித்தது. ஆனால் கடைசி மாதம் போனபோது மைதானத்தில் நாற்காலிகள்தான் இருந்தன. ஒரு கடலைக்காரர் எங்கள் வரிசைக்கே வந்து உட்கார்ந்து, விற்க வேண்டிய கடலையை அவரே தின்றார். டோரத்தி வரவே இல்லை. நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "விற்றுவிட்டார்களே, அவன் பந்தைத் தவறவிட்டால் எனக்குக் கோபம் கோபமாக வரும் ஜெயா. இவர்கள் தவறவிட்டால் கோபமே வரவில்லை. நான் எதற்குப் போக வேண்டும்?" என்றாள்.

உங்களுக்குக் கடைசியாகக் கபடியில் எப்போது கோபம் வந்தது அப்பா? கருத்தக்கண்ணன் அண்ணன் பிடிபட்டபோது தானே?

நான் சின்னப் பிள்ளையாக நம்ம மேலத் தெருப் பாயில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எதிரே சந்தைத் தெருவைத்தான் பார்ப்பேன். அந்த அண்ணன் கோட்டைத் தாண்டியதும் தெருவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவர் விழுந்ததும் அத்தனை பேரும் தலையில் கை வைப்பார்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல். அதைப் பார்க்கத்தான் நான் வருவேன். பேயாண்டி மாமா ஜெயித்து வந்தால் கிழக்குத் தெருப் பெண்கள் மஞ்சத் தண்ணியைக் கொட்டுவார்கள். தோற்று வந்தாலும் கொட்டுவார்கள். சும்மா இருந்தாலும் கொட்டுவார்கள்.

கோப்பையைத் தராசு என்று நினைத்தவர்கள் பேரில் தப்பில்லை. அதை யாரும் தங்கள் கோப்பை என்று நினைக்கவில்லையே.

பொறுப்பு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஏற்றுக்கொண்டால் இரண்டு வருஷத்துக்கு நகர முடியாது.

உங்கள்
ஜெயக்கொடி


வாடிப்பட்டி
10.12.1978

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் வந்ததா என்று கேட்டிருந்தாய். இப்போது வந்தது, என் மேல். அமெரிக்காவில் முதலாளி செய்த தப்பை வாடிப்பட்டியில் கடல் தாண்டி இறக்குமதி செய்தவன் நான் ஒருத்தன்தான். யூரியாகூட அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

ஆனால் என்னை முதலில் உலுக்கியது நீ இல்லை, மருது. உன் கடிதம் வருவதற்கு முன்பே, புரட்டாசியில் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அவன் முதுகைத் தட்டினேன். அவன் சொன்னான்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பொங்கலுக்கு நான் எங்க ஊருக்குப் போறேன். இங்க பாடிட்டுப் போறப்ப என் குரலே எனக்குக் கேக்குது. எங்க ஊர்ல அது கேக்காது. கூட்டத்துல அமுங்கிரும். இங்க கேக்கக் கேக்கப் பயமா இருக்குண்ணே."

அம்புட்டு நல்ல ஆட்டக்காரன். அவன் குரலை அமுக்க எனக்கு ஒரு கூட்டம் சேர்க்கத் தெரியவில்லை. அவனையும் மற்ற மூவரையும் வேஷ்டி துண்டு கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தேன்.

அதன் பிறகு நாலு தெருவுக்கும் நான் போக வேண்டும். இதில் ஒரு சிக்கல். தெரு ஆளை அனுப்பும், செயலாளர் வாங்கிக்கொள்வார். அதற்கு முறை உண்டு. செயலாளர் போய்க் கேட்பதற்கு முறையே கிடையாது. இதுவரை யாரும் இவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்ததில்லை. நானாக ஒரு முறை உண்டாக்கினேன். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பனியனையும் கழற்றிவிட்டுப் போனேன்.

சந்தைத் தெருவில் தட்டைக் கீழே வைப்பதற்குள் கருத்தக்கண்ணன் வெற்றிலையை எடுத்து மென்றுவிட்டான். "தொப்பையைக் கொஞ்சம் குறைச்சிருக்கேண்ணே, பாருங்க"ன்னான். பார்த்தேன். தெரியவில்லை. தெரிகிறது என்றேன். பள்ளிவாசல் தெருவில் பாய்மார்கள் டீ கொடுத்து, சிரித்து, "தப்பு யாருக்கும் வரும் பாய்"ன்னு எனக்கே பாய் பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். கம்மாய்த் தெருவில் திட்டினார்கள். திட்டி முடித்ததும் சம்மதித்தார்கள்.

கிழக்குத் தெருவை நான் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் உனக்குத் தெரியும். பேயாண்டி வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள்தான் பேசினாள்.

"வாங்கண்ணே. கால் எப்படி இருக்குன்னு பாக்க வந்தீகளா?"

"இல்லத்தா, ஆட்டத்துக்கு..."

"கால் ஓயட்டும்னு நீங்கதானே சொன்னீக. இன்னும் ஓஞ்சு முடியலையே. அஞ்சு மாசத்துலயா ஓயும், ஆட்டுக்காலா அது?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. அப்புறம் அவள் குரலை இறக்கிச் சொன்னாள்: "நீங்க அவரை நிப்பாட்டுனது பெருசில்லண்ணே. வயசானா நிக்கத்தான் வேணும். ஆனா அவரை அனுப்புனது இந்தத் தெரு. நிப்பாட்டுறதுன்னாலும் தெருகிட்டத்தானே சொல்லியிருக்கணும்? எங்களுக்கு ஒரு சொல் இல்லையே."

பேயாண்டி நிமிராமலே, "மச்சான், ஆடுறதும் ஆடாததும் தெரு சொல்லட்டும். நான் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது"ன்னான். தெரு என்ன சொல்கிறது என்று ஒச்சம்மாளைப் பார்த்தேன். "பொங்கலன்னிக்குத் தெரியும்"னு உள்ளே போய்விட்டாள். வெற்றிலைத் தட்டை எடுத்தாளா, விட்டாளா என்றுகூட நான் பார்க்கவில்லை.

கிழக்குத் தெரு வராவிட்டால் ஆறு பேர்தான். சிவசங்கரன் வாத்தியார் ஆளை எண்ண வேண்டியதில்லை, பாயைப் பார்த்தாலே போதும். பொங்கலுக்கு அப்புறம் எழுதுகிறேன். உன் முடிவையும் நீ எழுது. பொறுப்பு வந்தால் ஏற்றுக்கொள். பெரிய வேலை தேடி வருகிறது என்றால் உன் கையில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கும் ஆசை.

உன் அப்பா,
வெள்ளைத்துரை


வாடிப்பட்டி
18.1.1979

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாயிண்டில் தோற்றோம். இனி நிதானமாகப் படி.

ஆட்டத்துக்கு நேரம் ஆகிவிட்டது. பொட்டலில் நானும் சுண்ணாம்புக் கோடும் இருந்தோம். சோழவந்தான்காரர்கள் லாரியில் வந்து இறங்கி வேப்பமரத்தடியில் நின்றார்கள். சிவசங்கரன் வாத்தியார் வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் வாட்சைப் பார்த்தார். அந்த வாட்சை வாங்கிக் கம்மாயில் எறியலாமா என்றிருந்தது.

அப்புறம் ஒரு மேளம் கேட்டது. சந்தைத் தெரு. முன்னால் கருத்தக்கண்ணன், அவனுக்கும் முன்னால் அவன் தொப்பை. பின்னாலேயே பள்ளிவாசல் தெரு. அப்புறம் ஒவ்வொன்றாக. பாயை உதறி விரிக்கிற சத்தம் இருக்கிறதே ஜெயக்கொடி, அதை நான் இத்தனை நாள் கவனித்ததே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். ஆறு பாய் விரித்தாயிற்று. கிழக்குப் பக்கம் மட்டும் வெறும் மண். ஊரே அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் வந்தார்கள். முன்னால் ஒச்சம்மாள், தலையில் சுருட்டிய பாய். நேரே என்னிடம் வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கிழக்குத் தெரு பேயாண்டியை அனுப்புது. வாங்கிக்கங்கண்ணே"ன்னா. வாங்கிக்கொண்டேன். நான் உருட்டியதில் சூடேறிப் போன எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்தேன்.

உன் மாமன் ஆடிய ஆட்டத்தை எப்படி எழுதுவது. மருது பாம்பு மீன் என்று எழுதினேன். இவன் அப்படி எதுவும் இல்லை. இழுக்கிற காலை ஒளிக்கவே இல்லை. அதையே முன்னால் நீட்டினான். இந்தா பிடி என்கிற மாதிரி. அவர்கள் அந்தக் காலுக்குப் பாய, மற்றக் காலால் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடந்தே வந்தான். ஓடவில்லை, நடந்தே. கூட்டத்தில் எழுந்த சத்தத்தில் கம்மாய்க் கொக்கு அத்தனையும் பறந்து போயிற்று. அவன் பாடியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. நடுவர் அவன் வாயருகில் காதை வைத்துக்கொண்டே கூட ஓடினார்.

கடைசியில் சரிக்குச் சரி. கடைசிப் பாட்டுக்குக் கருத்தக்கண்ணன் முறை. தெரு முறைப்படி அவன்தான் போக வேண்டும். போனான். சந்தைத் தெரு மூச்சைப் பிடித்தது. ஊரே பிடித்தது. நானும் பிடித்தேன். அவன் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் விழுந்தான். நீ எழுதியது போலவே, ஒருத்தர் பாக்கி இல்லாமல் தலையில் கை. எனக்கு வந்ததே கோபம், அப்பப்பா! என்ன அருமையான கோபம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தோற்ற ஏழு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு ஏழு தெருவும் கிளம்பிவிட்டது. மஞ்சத் தண்ணி எல்லா வாசலிலும். எனக்கும் ஒரு குடம், கிழக்குத் தெருவில், ஒச்சம்மாள் கையால், கொஞ்சம் பலமாகவே. சோழவந்தான் பையன் ஒருத்தன் கோப்பையை வைத்துக்கொண்டு, "ஏண்ணே, ஜெயிச்சது நாங்கதானே?"ன்னு கேட்டான். "நீங்கதான்ப்பா"ன்னு சத்தியம் செய்து கொடுத்தேன். சிவசங்கரன் வாத்தியார் லாரியில் ஏறும்போது சொன்னார்: "ஆட்டம் இங்கயே இருக்கட்டும்ண்ணே. கோப்பையைத் தூக்கிட்டுப் போகலாம். இந்தக் கூட்டத்தை எந்த லாரியில ஏத்துறது?"

தன் ஊர்ப் பொங்கல் ஆட்டத்தை முடித்துவிட்டு மருதுவும் நம் ஆட்டம் பார்க்க வந்திருந்தான். எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்றவனை நாலு தெருக்காரர்கள் கூப்பிட்டார்கள். நம்ம மேலத் தெருப் பாய்க்கு வந்தான். நெருக்கியடித்த கூட்டம். உன் அம்மா பக்கத்தில் ஒரு ஆள் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அவன் உட்காரப் போனான். உன் அம்மா சேலைத் தலைப்பை அங்கே விரித்து, "அது ஆள் இருக்கிற இடம் தம்பி, இப்படி இந்தப் பக்கம் வா"ன்னு தன் மறுபக்கம் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆட்டம் முடியும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நீ அமெரிக்கா போன வருஷத்திலிருந்து அதை உனக்காக அப்படித்தான் வைத்திருக்கிறாளாம். முன்னாலிருந்து பார்க்கிற செயலாளருக்கு அது தெரியவே இல்லை பார்.

இதை நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொள். பாய் எங்கேயும் போகாது.

உன் அப்பா,
வெள்ளைத்துரை

உன் அம்மா பேசிவிட்டாள். முதல் வார்த்தை: "துண்டை மாத்துங்க, மஞ்சள் கறை போகாது."


22.4.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே பேஸ்பால் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு டோரத்தியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். குளிர், ஆளே இல்லை. விற்றுவிட்ட அந்த வயசாளி இப்போது எதிர் ஊர் அணிக்காக வந்திருந்தார். அவர் மட்டையோடு நடந்து வந்ததும் டோரத்தி எழுந்து நின்றுவிட்டாள். அங்கங்கே சிதறி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். எதிர் அணிக்காரர் அப்பா, அவர் அடித்தால் எங்களுக்குத்தான் நஷ்டம். அடித்தார். கத்தினோம். நான் தமிழில் கத்தினேன். டோரத்தி அழுதுகொண்டே அடுத்த தடவையும் வருகிறேன் என்றாள். அந்த முதலாளி மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். நீங்கள் வெற்றிலைத் தட்டோடு தெருத் தெருவாகப் போனதை டோரத்தியிடம் சொன்னேன். "உன் அப்பாவை இங்கே அனுப்பி வை, இந்த அணியைக் கொடுத்துவிடலாம்" என்றாள். பனியன் உங்கள் அளவுக்குக் கிடைக்கும்.

பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், ஒச்சம்மாள் அத்தை மாதிரி, எல்லோருக்கும் கேட்கிறாற்போல. ஒவ்வொரு ஜனவரியிலும் எனக்கு லீவு வேண்டும். எதற்கு என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, அது காலியாக இருக்கக்கூடாது என்றேன். புரிந்ததோ இல்லையோ, சம்மதித்துவிட்டார்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு வாரேன் அப்பா. கருத்தக்கண்ணன் அண்ணனையே கடைசிப் பாட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெயக்கொடி
மேலத் தெரு